சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்

மாலை ஆறே முக்காலுக்குத் தெரு முழுக்கக் கரண்ட் போய்விட்டது என்ற செய்தி வந்ததும் பூரித்துப்போகிறவர் யாராவது உண்டா? உண்டு. தொலைநோக்கி வைத்திருக்கும் தகப்பன் என்று ஓர் இனம். பெங்களூர் ஜீவனஹள்ளியில் அதன் பெயர் குணசேகர். அதைக் கட்டிக்கொண்ட புண்ணியவதி தனலக்ஷ்மி.

ஊரெல்லாம் நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும். இந்த இனம் நிலாவைத் திட்டிக்கொண்டே ஊட்டும். அந்த வெளிச்சத்தில் நட்சத்திரம் மங்கிவிடுகிறதாம். சிவப்பு வெளிச்சம்தான் இருட்டுக்குப் பழகிய கண்ணைக் கெடுக்காது என்று டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, பால் ஆற்றுவது, மருந்து புகட்டுவது, மூக்குத் துடைப்பது எல்லாவற்றையும் அதிலேயே நடத்தி, பொறுப்பான தகப்பன் என்ற பெயரும் வாங்கிக்கொள்ளும். கொடுத்தது யார்? அதுவேதான்.

தொண்ணூற்றேழு ஏப்ரல். வானத்தில் வால்நட்சத்திரம், வீட்டில் நாலு வயது தாரணிக்குக் காய்ச்சல். மாடிக்குப் பாய்ந்தவரைத் தனலக்ஷ்மி படியிலேயே மறித்தாள்.

“ஏங்க, கோவிந்தப்பா வீட்டுப் பையனுக்கு அம்மை. இவளுக்கும் போட்டிருக்கான்னு பாருங்க. அடுப்புல கஞ்சி கொதிக்குது.”

அவர் மெழுகுவத்தியை ஊதி அணைத்தார். குழந்தையின் வயிறு, முதுகெல்லாம் சிவப்பு டார்ச்சை ஓட்டினார். “ஒண்ணுமில்ல தனம். பளிங்கு மாதிரி இருக்கு.”

“அப்பா, எனக்கு வால் காட்டு.”

“ஸ்வல்ப இரு கண்ணு. ஃபோகஸ் பண்ணிட்டு வந்து தூக்கிட்டுப் போறேன்.”

ஃபோகஸ் முடிவதற்குள் வால்நட்சத்திரம் வீடுகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. கரண்ட் வந்தது. டியூப்லைட்டில் பார்த்தால் குழந்தையின் உடம்பெங்கும் செக்கச்செவேலென்று கொப்புளம்.

“கோடி மைலுக்கு அந்தாண்ட இருக்கிற வால் தெரியுது, மடியில கிடக்கிற புள்ள உடம்பு தெரியலையா உங்களுக்கு?”

“சிவப்பு வெளிச்சத்துல சிவப்பு தெரியாது தனம். அது சயின்ஸு.”

“தெரிஞ்சும் அதையே அடிச்சீங்களே!”



தாரணிக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி மாடிக்கு அனுப்பியபோது வானம் முழுக்கக் கோடை மழை மேகம். மேகம் விலகியபோது வால்நட்சத்திரமும் விலகிவிட்டிருந்தது. “அடுத்த தடவ கண்டிப்பா காட்டுறேன் கண்ணு” என்றார் குணசேகர். அது திரும்பி வர இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகும். தாரணி தலையாட்டினாள். தனலக்ஷ்மி வேப்பிலையைக் கூட்டி அள்ளினாள்.

சிரிக்காதீர்கள். உங்களிடம் தொலைநோக்கி இல்லைதான். ஆனால் “இதோ வந்துட்டேன் கண்ணு” என்று உள்ளே ஒரு குரலுக்குச் சொல்லிவிட்டுத்தானே இதைப் படிக்க உட்கார்ந்தீர்கள்?

குணசேகர் அன்றைக்கே டார்ச்சிலிருந்து சிவப்புத் தாளைக் கிழிக்க ஆரம்பித்தார். பாதி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.