புயலுக்குத் தகடு

காரைக்குடியை ஒட்டிய பொட்டலில் அன்று கூடிய கூட்டத்தைப் பார்த்தால், காற்றே நுழைய இடமில்லாமல் திரும்பிப் போயிருக்கும். வங்கக்கடலில் ஒரு புயல் சின்னம். அதைவிடப் பெரிய சின்னம் மேடையில்: வாயுபந்தன சித்தர்! அவர் மந்திரித்த செப்புத் தகட்டை மரத்தில் அறைந்துவிட்டால், புயல் அந்த மரத்தைக் கும்பிட்டுவிட்டு விலகிப் போய்விடுமாம். இந்த விலகல் மட்டும் ஏனோ வானிலை அறிக்கையில் வருவதே இல்லை.

முன்வரிசையில் தேனப்பன். இயற்பியல் பட்டதாரி. பட்டம் வீட்டுச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாக இருந்தது.

பாவம், அவருக்கும் காரணம் இருந்தது. அவர் குடியிருக்கும் பூர்வீக வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. தோட்டத்து வேம்பும் பொது. அது அடுத்த வீட்டு ஜாஹிதாவின் ஓட்டுக்கூரை மேல் கிளை விரித்துச் சாய்ந்து நின்றது. அந்த ஓட்டுக்குக் கீழேதான் அவளுடைய கைக்குழந்தை தூங்கும். ஆனால் ஒரு கிளையைக் கழிக்கவும் சென்னை, கோலாலம்பூர், டல்லாஸ் என்று அத்தனை பங்காளியும் சம்மதிக்க வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். ஒருவர், "அப்பச்சி வச்ச மரம்ல!" என்றார். இன்னொருவர் கூப்பிய கை போட்டார். மற்றொருவர் குழுவை விட்டே வெளியேறினார். தகடு அறையவா என்று கேட்டபோது மட்டும் எல்லோரும் உடனே கட்டைவிரலைத் தூக்கினார்கள். அந்தக் குடும்ப வரலாற்றில் முதல் ஒற்றுமை!

"அண்ணே, எம்புள்ள தலைக்கு மேல கிளை தொங்குது. நீங்க தகரத்தத் தேடிப் போறீகளே!" என்று கிளம்பும்போதே கேட்டாள் ஜாஹிதா.

"தகரமில்ல தங்கச்சி, செம்பு!" என்று விளக்கிவிட்டு வந்தவர் அவர்.

மேடையில் அத்தாட்சி எரிந்துகொண்டிருந்தது. பெண்கள் முந்தானையை இழுத்துப் பிடிக்கும் காற்றில், தகட்டின் மேல் ஓர் அகல்விளக்கு. சுடர் ஆடியது, நெளிந்தது, அணையவில்லை.

"பாத்தீகளா! என் தகட்டுகிட்ட காத்து வாலாட்டுமா?" என்றார் சித்தர்.

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. விளக்கின் அருகே யாரும் போகக் கூடாது, தீட்டு. அதற்காகவே கயிறு கட்டியிருந்தார்கள்.

பரவசத்தில் தேனப்பன் தட்டில் சூடத்தை வைத்துத் தீக்குச்சியை உரசினார். அணைந்தது. மறுபடி உரசினார். அணைந்தது. கடைசியில் பெட்டியே காலி.

அவர் மனைவி நாச்சியம்மை தட்டைப் பிடுங்கினாள். "எதுக்கு இந்தப் பாடு படுறீக? அணையாத தீ அங்குட்டு எரியுதே! சாமி, அதுலயே இதப் பத்த வச்சுக் குடுங்க."

சித்தர் விளக்கை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றார். "வாயு தீபத்துல இருந்து வேற தீ எடுக்கக் கூடாது தாயே."

"அணையாதுன்னு நீங்கதான சொன்னீக. எடுத்தா கொறஞ்சா போயிரும்?"

"ஆச்சி கேக்குறது ஞாயந்தான சாமி!" என்றது பின்னால் ஒரு குரல். "அப்படியே எனக்கொரு ஊதுவத்தி!" "எனக்கொரு பீடி!"

பக்தர்களே கேட்க ஆரம்பித்துவிட்டால் நாத்திகர்களுக்கு வேலையில்லை. நாச்சியம்மை கயிற்றுக்கு அடியில் குனிந்து மேடையேறினாள். சூடத்தைச் சுடரில் காட்டினாள். பற்றவில்லை. விரலை வைத்தாள். சுடவில்லை. விளக்கைக் கவிழ்த்தாள். அடியில் ஒரு மூடி, மூடிக்குள் இரண்டு பேட்டரி.

"ஏங்க, சாமியோட அருளுக்கு செல்லு மாத்தணும் போல!"

கூட்டம் சிரித்து முடிப்பதற்குள் சித்தர் மேடையின் பின்பக்கம் குதித்துவிட்டார். புயலைக் கட்டியவரின் காவித் துண்டைச் சாதாரணக் காற்று ஒன்று தூக்கிக்கொண்டு போனது.

வீட்டுக்கு வந்த தேனப்பன் முதலில் கைபேசியை அணைத்தார். பிறகு மரம் வெட்டும் முத்துவை நேரில் போய் அழைத்து வந்தார். கூரை மேல் நீண்ட கிளைகளைக் கயிறு கட்டி இறக்கினார்கள். காற்று புகுந்து போக, உச்சியின் அடர்த்தியைக் கலைத்தார்கள்.

"பங்காளிக கேட்டா?" என்றாள் நாச்சியம்மை.

"கேக்கட்டும். தூங்குற புள்ள அவுக வீட்டுல இல்ல."

புயல் வந்தது. வேம்பு பேயாட்டம் ஆடியது, நின்றது. ஓர் ஓடுகூட உடையவில்லை. தேனப்பன்தான் கண் மூடவில்லை.

"எம்புள்ள அசையவே இல்லண்ணே," என்று விடிந்ததும் வந்து சொன்னாள் ஜாஹிதா. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார்.

அங்கே தெருவே கூடியிருந்தது. முத்து விட்டுப் போன ரம்பத்துக்குச் சந்தனம், குங்குமம், மாலை!

"ராசியான ரம்பம்ணே," என்றான் ஒருவன் பயபக்தியோடு. "எங்க வீட்டு மாமரத்த ஒரு தடவ தொட்டுட்டு மட்டும் தந்துர்றேன்."

தேனப்பன் மாலையைக் கழற்றி அவன் கையில் கொடுத்தார்.

"தொட்டா வெட்டாதுப்பா, இழுக்கணும். மூளையும் அப்படித்தான். நெத்தியில சந்தனம் பூசி உள்ளயே வச்சிருந்தா துருப்பிடிச்சிரும். எனக்கே இப்பத்தான் துரு உதிர்ந்துச்சு!"