மாட்டுக்கு நாற்பது நிமிடம்

1. ஜார்ஜியா மலைகளில் எட்டு நாள் கார் பயணத்துக்கு ஐம்பத்திரண்டு வரிகளில் எக்செல் தயாரித்தேன்.
2. எங்கள் ஆபீஸ் ஷட்டில் டிரைவர் அதை ஒரு சிக்னலில் வாங்கிப் படித்தார்.
3. சிரித்தார்.
4. பச்சை விழுந்த பிறகும் சிரித்தார். பின்னால் வந்த பஸ் ஹாரனால் திட்டியது.

செங்கல்பட்டுக்கும் சிறுசேரிக்கும் இடையில் நேரத்தை இவரைப் போல அவமதித்தவரும் கிடையாது, மதித்தவரும் கிடையாது. நாங்கள் வைத்த பெயர் டிரிப் ஷீட். யாரை எத்தனை மணிக்கு எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்று எதற்கும் டிரிப் ஷீட் எழுதுவார். மச்சினிச்சி கல்யாணத்துக்கும் எழுதினார். அதில் மாப்பிள்ளைதான் முதல் பிக்கப். மூன்று நிமிடத்தில் வாசலுக்கு வரவில்லை என்று மாப்பிள்ளையை விட்டுவிட்டு மண்டபத்துக்குப் போய்விட்டார். ரூல் ரூல்தானாம்.

என் எக்செல்லில் அவருக்கு எதுவுமே பிடிக்கவில்லை. கணவாயைத் தாண்ட மூன்று மணி நேரம் என்று மேப் சொல்கிறது என்றேன்.

"மேப்புக்கு ஒண்ணுக்கு வருமா மேடம்?"

அடுத்ததாக, "அங்க மாடு கீதா?" என்றார்.

"அது வெளிநாடுண்ணா."

"ரோடு கீதில்ல? ரோடு இருந்தா மாடு இருக்கும்."

மறுநாள் காலை அவர் எழுதிய ஷீட் வந்தது. கணவாய் வரிக்கு நேராக 'கேளம்பாக்கம் ஈவினிங்' என்று, அதாவது நெரிசலில் ஊர்கிற வேகம், குறித்திருந்தார். தினமும் 'மாடு, 40 நிமிடம்' என்று ஒரு வரி. கடைசி நாள், மலை ஊரிலிருந்து விமான நிலையத்துக்கு நான் காலை ஆறு மணிக்குக் கிளம்புவதாகப் போட்டிருந்தேன். அவர் அதை அடித்து நான்கு என்று எழுதியிருந்தார்.

இத்தனைக்கும் அவர் ஏறிய மலை எதுவும் இல்லை. திருக்கழுக்குன்றத்துக்கு நூறு முறை சவாரி போயிருக்கிறார். அடிவாரத்தோடு சரி. மேலே போனால் வண்டியை யார் பார்த்துக்கொள்வது என்பார்.

அந்தக் கடைசி நாள் சனிக்கிழமை. ஞாயிறு காலை செங்கல்பட்டில் எனக்கு நிச்சயதார்த்தம். பெண் இல்லாமல் தட்டு மாற்ற முடியாது என்பதை அப்பா தினமும் ஒரு முறை ஞாபகப்படுத்தி, அந்த நிபந்தனையோடுதான் என்னை அனுப்பினார்.

ஜார்ஜியாவில் மாடு இருந்தது. முதல் வளைவிலேயே இருந்தது. நடுரோட்டில் படுத்து, எங்களைப் பார்த்தபடி அசை போட்டது. கார் ஓட்டிய என் தோழி ரம்யா, "செய்யூர் ரோடு மாதிரியே இருக்குடி" என்றாள். இரண்டாம் நாளே என் எக்செல் மூன்று மணி நேரம் பின்தங்கியது. அவர் ஷீட்டில் பத்து நிமிடம் மிச்சம்.

இருந்தாலும் கடைசி நாள் ஆறு மணிதான் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அதிகாலை நான்குக்குப் போன் அடித்தது. செங்கல்பட்டில் ஐந்தரை, அவருடைய முதல் டிரிப் நேரம்.

"கீழ வண்டி நிக்குது மேடம். மூணு நிமிசம்தான் வெயிட்டிங்."

வண்டி எங்களுடையது. டிரைவர் பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் இரண்டு வருடப் பழக்கம். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்ற பிறகுதான் எனக்கு முழுதாக விழிப்பு வந்தது.

ரம்யாவை எழுப்பி அப்போதே கிளம்பினோம். வழியில் மாடு இல்லை. ஆடு. மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரும் மந்தை சாலையை அடைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் எங்கள் முன்னால் நடந்தது. விமான நிலையத்தில் கவுன்ட்டரை மூடப் போகும் நேரத்தில் பைகளை வைத்தோம். திங்கட்கிழமை அவரிடம் சொன்னபோது சந்தோஷப்படவில்லை. ஆட்டுக்கு வரி போடாமல் விட்டுவிட்டோமே என்று வருத்தப்பட்டார்.

இன்றைய நிலவரம்: நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. கல்யாணத்துக்கு டிரிப் ஷீட் தயார், வீட்டுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் ஒரே தெரு என்றாலும் மாட்டுக்கு நாற்பது நிமிடம் உண்டு. அவரிடம் இன்னும் பாஸ்போர்ட் இல்லை. ஜார்ஜியா ஷீட் என் பாஸ்போர்ட்டுக்குள் இருக்கிறது. அதில் டிரைவர் பெயர் என்ற இடத்தில் ரம்யாவை எழுதாமல் தன் பெயரை எழுதியிருக்கிறார். நான் அதைத் திருத்தவில்லை.