குளத்தைக் காப்பாற்றிய சிமென்ட் கல்

வெர்மான்ட்,
மார்ச் முதல் வாரம்

அன்புள்ள கிளேட்டன் அண்ணாவுக்கு,

தங்கை லின்னெட் எழுதுவது. இங்கே நானும் பூனையும் நலம். அரிசோனா வெயிலில் நீயும் அண்ணியும் வாடாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சுலபத்தில் சந்தோஷப்படுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆகவே நேராகச் சொல்லிவிடுகிறேன்: ஜெயித்துவிட்டோம். பனிச்சறுக்குக் கம்பெனிக்கு இனி நம் குளத்துத் தண்ணீர் கிடையாது.

வானம் பனி கொடுக்காத வருடங்களில் அவர்கள் குளத்தை உறிஞ்சி, பீரங்கி மாதிரி இயந்திரங்களில் பனியாக்கி, மலைமேல் தூவுவது நீ பார்த்ததுதான். இந்தக் குளிர்காலம் மலை முழுக்கப் பழுப்பு. இரவு பகலாக உறிஞ்சினார்கள். அது போதாதென்று, அடுத்த வருடம் இரண்டு மடங்கு வேண்டும் என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டார்கள். பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற முறையில் நானும் தயாராகத்தான் போனேன். குளம் இறங்கினால் கரையோரத்து மீன் முட்டையெல்லாம் உறைந்து சாகும், நம் கிணறுகளும் கூடவே இறங்கும் என்றேன். அந்த இயந்திரங்கள் தின்கிற மின்சாரமே வானத்தை இன்னும் சூடாக்கும், சூடானால் இன்னும் இயந்திரம் வாங்குவார்கள் என்றேன். மலைமேல் பணக்காரர்களின் விடுமுறை வீடுகள் காலியாகக் கிடக்க, சறுக்க வருகிறவர்களை மலைமேல் ஏற்றும் லிஃப்டை ஓட்டுகிற பிள்ளைகள் காருக்குள் தூங்குகிறார்கள் என்றேன். பள்ளி ஜிம்மில் உட்கார்ந்திருந்த ஊர் மொத்தமும் மதியத்துக்கு பீன்ஸ் வேகும் வாசனைப் பக்கமே திரும்பியிருந்தது.

கம்பெனி மேனேஜர் பிரெஸ்டன் எழுந்தார். "மேடம் நல்லாதான் பாடம் நடத்துறாங்க. ஆனா நாங்க இல்லேன்னா இந்த ஊர்ல யாருக்கு வேலை இருக்கு?" என்றார். ஒரே கைதட்டல். அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எரிச்சல்.

அப்போது நம் தீயணைப்புப் படைத் தலைவர் ஆரின் எழுந்தார். "அதெல்லாம் இருக்கட்டும்யா. கல்லு எங்க?"

அதுதான் அண்ணா, வருஷா வருஷம் உறைந்த குளத்து நடுவில் கொடி குத்தி வைப்போமே, அந்த சிமென்ட் கல். பனிக்கட்டி உருகி அது என்றைக்கு மூழ்கும் என்று ஊரே பந்தயம் கட்டுமே! வழக்கமாக ஏப்ரல் கடைசி ஆகும். இந்த வருஷம் அடியில் தண்ணீரை உறிஞ்சிவிட்டதால், தாங்க ஒன்றுமில்லாமல் பனிக்கட்டி தொய்ந்து உடைந்து, கொட்டுகிற குளிரில் கல் உள்ளே போய்விட்டது.

"வெயில் வந்து முழுகினா ஒத்துக்குறேன். ஜனவரியிலயாய்யா முழுகும்?" என்று ஆரின் கத்தினார்.

பின்வரிசையிலிருந்து ஒரு அம்மாள், "நீ எந்தத் தேதி கட்டினே, பிரெஸ்டன்?" என்றாள்.

"நான் பந்தயமே கட்டலீங்க."

"இந்த ஊர்ல குடியிருந்துகிட்டு, கட்டலையா!"

அவ்வளவுதான், மனுஷன் காலி. மீனுக்கும் கிணற்றுக்கும் அசையாத ஊர் அந்த ஒரு பதிலில் எழுந்து நின்றுவிட்டது. நானும் சூட்டோடு சூடாகக் கம்பெனி கேட்ட தீர்மானத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தேன்: குளிர்காலத்தில் அந்தக் குளத்திலிருந்து யாரும், எதற்கும், ஒரு சொட்டுகூட எடுக்கக் கூடாது. விதிவிலக்கு என்று ஒன்று வைத்தால் கம்பெனி வக்கீல் அது வழியாக உள்ளே வந்துவிடுவான் என்றும் விளக்கினேன். ஆரின்தான் வழிமொழிந்தார். ஜிம் முழுக்கக் கை! வீட்டுக்கு வந்து, விறகடுப்பைத் தாராளமாக எரியவிட்டு, ராணி மாதிரி உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் இருவருக்கும், உங்கள் கள்ளிச்செடிகளுக்கும் எல்லா நலமும் கூடட்டும்.

வெற்றி பெற்ற உன் தங்கை,
லின்னெட்

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் என் புகைபோக்கி பற்றிக்கொண்டது. ஆரின் தீயணைப்பு வண்டியோடு வந்தார். வண்டித் தண்ணீர் தீர்ந்ததும் குளத்தில் குழாய் இறக்கப் போனவர் கரையிலேயே நின்றுவிட்டார். "டீச்சர், யாரும், எதுக்கும்னு போட்டுட்டீங்களே." "ஆரின், என் வீடு எரியுது!" "அது தெரியுது. நானும்ல கை தூக்கியிருக்கேன்!" இதற்குள் வீட்டுக்குப் பின்னாலிருக்கிற சறுக்குப் பாதையிலிருந்து பிரெஸ்டன் ஒரு பனிப் பீரங்கியை இழுத்துவந்து, தடைக்கு முன்பே மலைத்தொட்டியில் ஏற்றியிருந்த தண்ணீரைக் குழாயில் கொடுத்து, கூரையைப் பார்த்துத் திருப்பிவிட்டார். வீடு தப்பியது. சமையலறையில் முழங்கால் அளவு பனி. "எப்படி மேடம் நம்ம பனி?" என்று வேறு கேட்டார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவேண்டியதாயிற்று. அடுத்த வாரம் சிறப்புக் கூட்டம். திருத்தத்தைத் திருத்தும் தீர்மானத்தை நானே கொண்டுவருகிறேன். வழிமொழிவது பிரெஸ்டன்.