பெட்டிசம் அண்ணைக்கு வந்த பதில்

கொழும்பில் அந்தக் காலத்தில் பெட்டிசம் அண்ணையின் முறைப்பாட்டுக்குத் தப்பியது என்று எதுவுமே இல்லை. கடல்கூடத் தப்பவில்லை. வெள்ளவத்தைக் கடலின் உப்புக்காற்றுப் பட்டுத் தன்னுடைய டைப்ரைட்டர் துருப்பிடிக்கிறது, தயவுசெய்து ஆவன செய்யவும் என்று ஒரு பக்கம் அடித்து வைத்துக்கொண்டு, அதை எந்த அரசாங்கக் கந்தோருக்கு அனுப்புவது என்று இரண்டு நாள் மண்டையைப் போட்டு உடைத்த மனிதர் அவர்.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒரு ஒழுங்கையில் எங்கள் லொட்ஜ் இருந்தது. வடக்கில் போர் நடந்த சண்டைக் காலம். பதினைந்து பேர் இருந்தோம். பாதிப்பேர் விசாவுக்குக் காத்திருந்தார்கள். மீதிப்பேர் அவர்களைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். நான் புறக்கோட்டையில் ஒரு கம்பனியில் கிளாக். அண்ணைக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். அவருக்கென்று ஒரு சொந்தப் பெயரும் இருந்தது, ஆனால் கொழும்பில் தங்குகிற தமிழர் எடுக்கவேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டைத் தவிர வேறெங்கும் அது பாவிக்கப்படவில்லை.

லொட்ஜின் முன் விறாந்தையில் மேசை போட்டு, வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் பெட்டிசம் அடித்துக் கொடுப்பார். மேலிடத்துக்கு எழுதுகிற முறைப்பாட்டுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. தொலைந்த அடையாள அட்டை, வராத பென்ஷன், பிடித்துக்கொண்டு போன மகன் என்று சனம் அவரிடம் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் கார்பன் தாள் வைத்து ஐந்து பிரதி. பதில் வரும் விலாசம் எப்போதும் அண்ணையின் லொட்ஜ் விலாசம்தான்.

அவரிடம் இரண்டு வகை ஃபைல் இருந்தன. 'அனுப்பியவை' என்று எழுதிய ஃபைல்கள் கட்டிலுக்குக் கீழே இடமில்லாமல் அதே அறையில் இருந்த என் கட்டிலுக்குக் கீழேயும் வந்துவிட்டன. 'பதில் கிடைத்தவை' என்று சிவப்பு ரிபனில் அடித்து ஒட்டிய ஃபைல் ஒன்றே ஒன்று. அதற்குள் ஒரு பூச்சி உருண்டை மட்டும் கிடந்தது.

தினமும் பதினொரு மணிக்குத் தபால்காரன் சைக்கிளில் வருவான். அண்ணை துவைத்த சேட்டு மாற்றி, தலை வாரி, வாசல் கேற்றடியில் நிற்பார். அவன் இறங்காமலே கையை ஆட்டிவிட்டுப் போவான்.

"அத நே, அங்கிள்!"

இன்றைக்கு இல்லை. அண்ணை திரும்பி வந்து அடுத்த பெட்டிசத்துக்குத் தாள் சுற்றுவார். ஒருநாளும் முகம் கோணியதில்லை. எனக்குத்தான் பார்க்கப் பார்க்கப் பத்திக்கொண்டு வரும்.

இப்படிப்பட்டவரை நான் மல்யுத்தம் பார்க்கக் கூட்டிப்போனேன். என்னைச் சொல்லவேண்டும்.

கொட்டாஞ்சேனையில் கல்யாண வீடுகளுக்குக் கதிரை வாடகைக்கு விடுகிற முஸ்லிம் நானா ஒருவர் இருந்தார். கல்யாணம் இல்லாத மாதங்களில் கதிரைகள் சும்மா கிடக்கின்றனவே என்று கவலைப்பட்டு, ஒரு மண்டபம் பிடித்து மல்யுத்தம் நடத்தத் தொடங்கினார். டி.வி.யில் வெள்ளைக்காரர்கள் கதிரையைத் தூக்கி அடிப்பார்கள். நானாவின் மல்யுத்தத்தில் யாரை எதனால் வேண்டுமானாலும் அடிக்கலாம், கதிரையால் மட்டும் அடிக்கக்கூடாது.

"ஞாயிற்றுக்கிழமை தபால் இல்லைத்தானே அண்ணை, வாங்கோ" என்றேன். அந்த நியாயம் அவருக்குப் பிடித்துவிட்டது.

அன்றைக்குச் சோடிச் சண்டை. ஒரு பக்கம் 'இரட்டை நங்கூரம்'. அதில் ஒருவன் முகத்துவாரத்து மீன்பிடிக் குடும்பத்து அந்தோனி. மற்றவன் ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் ஏற்றி இறக்குகிற சிங்களப் பெடியன் சுனில். எதிர்ப்பக்கம் 'கறுப்பு முகமூடிகள்' என்று இரண்டு தடியர்கள். தோற்கிற சோடி இனி ஒருநாளும் சேர்ந்து விளையாடக்கூடாது என்று நானா ஒலிபெருக்கியில் அறிவித்தார். மண்டபம் 'ஐயோ' என்றது.

விதி சிம்பிளானது. சோடியில் ஒருவன்தான் உள்ளே நின்று அடிபடலாம். மற்றவன் கயிற்றுக்கு வெளியே கையை நீட்டிக்கொண்டு நிற்பான். உள்ளே இருப்பவன் வந்து அந்தக் கையைத் தொட்டால்தான் ஆள் மாறலாம். தொட்டதை ரெஃபரி காணவேண்டும்.

சனத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். முகத்துவாரத்திலிருந்து ஒரு கூட்டம், ஒருகொடவத்தையிலிருந்து லொறி ஏறி வந்த ஒரு கூட்டம், கொட்டாஞ்சேனைப் பெடியன்கள், நடுவில் வெள்ளவத்தை லொட்ஜ்காரர் நாங்கள். நாங்கள் அந்த நாட்களில் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரனுக்குக்கூடக் கேட்காமல் கதைத்துப் பழகியவர்கள். அங்கே பத்து நிமிடத்தில் என் பக்கத்தில் இருந்த எஞ்சினியர் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, "உழக்கடா அவனை!" என்று கத்தினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாடா என்று நானும் கத்தத் தொடங்கினேன்.

முன்வரிசையில் ஒரு மீன்கார அம்மா. முகமூடிக்காரன் அந்தோனியின் தலைமயிரைப் பிடித்தபோது கையிலிருந்த இறால் வடையை எடுத்து எறிந்தா. அவன் அதைப் பிடித்து, முகமூடியைக் கொஞ்சம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டான். அம்மாவுக்கு வந்த கோபத்தில் ரெஃபரிதான் பாவம்.

"ஏய் ரெஃபரி! சோறுதானே திங்கிற நீ? பின்னால பாருடா! முதுகுலயா கண்ணு இருக்கு ஒனக்கு?"

அண்ணை மட்டும் கைகட்டிக்கொண்டு, கோட்டில் வழக்குக் கேட்கிறவர் மாதிரி இருந்தார். "இது ஒழுங்கில்லை" என்று இரண்டு தரம் முணுமுணுத்தார்.

அடிபட்டு விழுந்த அந்தோனி தவழத் தொடங்கினான். சுனில் கயிற்றுக்கு மேலால் வளைந்து கையை நீட்டினான். மண்டபம் முழுக்கத் தமிழிலும் சிங்களத்திலும் கையைக் கொடு, கையைக் கொடு என்று காலால் தட்டியது. ஒரு முழம். ஒரு சாண். நான்கு விரல். பட்டது! அந்தோனியின் கை சுனிலின் கையில் பட்டது!

ரெஃபரி காணவில்லை. மற்ற முகமூடிக்காரனோடு எதையோ தர்க்கித்துக்கொண்டு நின்றார். உள்ளே பாய்ந்த சுனிலை, "வெளியே போ" என்று தள்ளினார். அந்த இடைவெளியில் முகமூடிகள் இருவரும் சேர்ந்து, தேத்தண்ணீர்த் தகரத் தட்டால் அந்தோனியின் தலையில் ஒன்று போட்டு, மேலே படுத்துவிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. முடிந்தது.

அப்போதுதான் என் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. பெட்டிசம் அண்ணை கதிரையில் ஏறி நின்றிருந்தார்.

"பட்டது! கை பட்டது! நான் கண்டனான்! எல்லாரும் கண்டவை! பட்டது!"

நானாவின் மடிப்புக் கதிரை அந்த உணர்ச்சியைத் தாங்காமல் மடிந்து அவரைக் கவ்வியது. நான்கு பேர் சேர்ந்து காலை இழுத்தோம். எழும்பியதும் அவர் நோவைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்தார்.

"கண்ட சாட்சிகள் எல்லாரும் வரிசையிலை வாங்கோ. பேர், விலாசம், அடையாள அட்டை நம்பர்!"

சண்டைக் காலத்தில், கொழும்பில், தமிழர் நிற்கிற கூட்டத்தைப் பார்த்து ஐ.சி. நம்பர் கேட்டால் என்ன நடக்கும்? லொட்ஜ்காரர் பாதிப்பேர் யன்னலால் போனார்கள். எஞ்சினியர் சாரத்தை இறக்கிவிட்டு, தான் மண்டபத்துக்குத் தண்ணீர் குடிக்க வந்தவர் என்றார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"அண்ணை, சி.ஐ.டி. எண்டு நினைச்சு ஓடுதுகள்! கையெழுத்து மட்டும் வாங்குங்கோ!"

"நம்பர் இல்லாட்டி பெட்டிசத்துக்கு வலு இல்லைத் தம்பி" என்று குறைப்பட்டுக்கொண்டே சம்மதித்தார். ஒருகொடவத்தைக்காரர் சிங்களத்தில் கையெழுத்துப் போட்டார்கள். மீன்கார அம்மா வெற்றிலைச் சிவப்பில் பெருவிரலைத் தோய்த்துப் பதித்தா. அந்தோனியும் சுனிலும் ஒரு மூலையில் தோளில் தோள் போட்டுக்கொண்டு அழுவதுபோல நின்றார்கள். அது நடிப்பென்றால் நல்ல நடிப்பு.

லொட்ஜுக்கு வந்ததும் அண்ணை டைப்ரைட்டருக்கு முன்னால் இருந்தார். நான் தடுத்துப் பார்த்தேன்.

"அண்ணை, விசர் வேலை பாக்காதேங்கோ. இது முதலே பேசி வைச்சு விளையாடுறது. யார் வெல்லுறதெண்டு முதலே முடிவெடுத்திடுவாங்கள்."

மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

"மற்ற இடங்களிலை மட்டும் பிறகோ முடிவெடுக்கிறாங்கள்? அதுக்கெல்லாம் எழுதினனான்தானே. இதுக்கு ஏன் எழுதக்கூடாது?"

நானே கார்பன் தாளை அடுக்கிக் கொடுத்தேன். நானாவுக்குப் பெட்டிசம் இப்படிப் போனது: 'மேன்மை தங்கிய ஐயா, மேற்படி அந்தோனியின் வலது கை மேற்படி சுனிலின் இடது கையில் பட்டதைக் கீழே ஒப்பமிட்டுள்ள நாங்கள் எமது சொந்தக் கண்களால் கண்டோம். ஆகவே தீர்ப்பை இரத்துச்செய்து, இச்சோடியைப் பிரிக்காது விடுமாறு பணிவுடன் வேண்டுகின்றோம்.' மொத்தம் ஆறு பந்தி. ஐந்தாவது பந்தி முழுவதும் அந்தத் தகரத் தட்டைப் பற்றியது. ஒரு பிரதி ரெஃபரிக்கு. ஒரு பிரதி, தகவலுக்காக, கறுப்பு முகமூடிகளுக்கு.

பதிவுத் தபாலில் போன கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, மூன்றாம் நாள் நானாவே வேர்க்க விறுவிறுக்க வந்து இறங்கினார்.

"மாஸ்டர், இது கோட்டுக்குப் போற கடிதமா? செல்லிப்போடுங்க!"

கதை என்னவென்றால், ஒருகொடவத்தைக்காரர் தினமும் கடை வாசலில் வந்து நிற்கிறார்களாம். மீன்கார அம்மா நானா வீட்டுக்கு இனி மீன் இல்லை என்று சொல்லிவிட்டாவாம். சோடியைப் பிரித்தது பிழை என்று நானாவுக்கும் விளங்கிவிட்டது. ஆனால் ஒலிபெருக்கியில் சொன்னதை எப்படி மாற்றுவது?

"இப்ப உங்கட கடிதம் ஈக்கிதானே. இதக் காட்டி, பெட்டிசம் வந்திச்சி, அதால திரும்ப வெக்கிறேன்டு செல்லலாம். அடுத்த மாசம் திரும்ப வெக்கிறேன் மாஸ்டர். சரிதானே?"

அண்ணை அசையவில்லை.

"வாயாலை சொன்னால் அது பதில் இல்லை. எழுத்திலை வேணும்."

"எனக்கு இங்கிலீசில எழுத வராதே! டைப் அடிக்க எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆள் நீங்கதான்."

அண்ணை புதுத் தாள் ஒன்றைச் சுற்றித் தன்னுடைய பெட்டிசத்துக்குத் தானே பதில் அடிக்கத் தொடங்கினார். நானா எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இதென்ன மாஸ்டர், 'ஐந்தாம் பந்தியிலுள்ள குற்றச்சாட்டை ஏற்க முடியாதுள்ளது' என்டு போட்டீக்கிறீங்க? தட்டால அடிச்சது உண்மதானே?"

"பதில் எண்டால் ஏதாவது ஒண்டை மறுக்கவேணும். இல்லாட்டி அது உண்மையான பதில் மாதிரி இராது."

நானா கையெழுத்து வைத்து, மடித்து, அப்படியே நீட்டினார். அண்ணை கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, இப்பிடிக் கையிலை தரக்கூடாது. தபாலிலை போடுங்கோ."

அடுத்த நாள் பதினொரு மணிக்குச் சேட்டு மாற்றி நின்றார். அத நே. அதற்கடுத்த நாள் எங்கேயோ ஏதோ நடந்து வீதி மறித்து, தபாலே வரவில்லை. மூன்றாம் நாளும் அத நே. அண்ணை சாப்பாட்டைப் பாதியில் வைத்தார்.

"போட்டிருப்பாரோ தம்பி? மறந்துபோனாரோ?"

"உங்கட கையாலை அடிச்ச கடிதம்தானே அண்ணை! என்ன எழுதியிருக்கெண்டு பாடமில்லையோ?"

"அது வேறை, இது வேறை. உமக்கு விளங்காது."

விளங்கத்தான் செய்தது. கட்டிலுக்குக் கீழே கிடந்த அத்தனை ஃபைலையும் நினைத்தேன். அன்றிரவு நான் பிள்ளையாரிடம் கேட்டது விசா அல்ல, ஒரு தபால்.

நாலாம் நாள் நான் கந்தோருக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு நின்றேன். ஒழுங்கை முகப்பிலேயே மணி விடாமல் அடித்தது. தபால்காரன் சீட்டிலிருந்து எழும்பி நின்று மிதித்துக்கொண்டு வந்தான்.

"அங்கிள்! அத தியெனவா! அத தியெனவா!"

இன்றைக்கு இருக்கிறது. லொட்ஜ் முழுக்க விறாந்தைக்கு வந்துவிட்டது. அண்ணை உறையைக் கிழிக்கவில்லை. பிளேடு எடுத்து வெட்டினார். முதல் தரம் பார்க்கிறவர்போல ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்தார். 'தங்கள் மனு கவனத்தில் எடுக்கப்பட்டு, தீர்ப்பு இரத்துச்செய்யப்பட்டுள்ளது' என்ற இடத்தை இரண்டு தரம் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஐந்தாம் பந்தி வந்ததும் முகம் சிவந்தது.

"ஏற்க முடியாதாமோ? தட்டாலை அடிச்சதை இவ்வளவு பேர் கண்டிருக்க, ஏற்க முடியாதாமோ? விடமாட்டன்!"

கடிதத்தை 'பதில் கிடைத்தவை' ஃபைலில் பூச்சி உருண்டைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, மறுப்புக் கடிதம் அடிக்க இருந்துவிட்டார்.

மறுசண்டையில் அவருக்கு முன்வரிசை. கதிரை மடியாமல் நானா கயிறு போட்டுக் கட்டியிருந்தார். ஒவ்வொரு முறை கை படும்போதும் ரெஃபரி திரும்பி அண்ணையைப் பார்ப்பார். அண்ணை தலையாட்டினால்தான் ஆள் மாறும். நங்கூரங்கள் வென்றார்கள். அந்தோனியும் சுனிலும் அண்ணையைத் தோளில் தூக்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றினார்கள். உயரத்தில் இருந்து அவர் கூரைக் காற்றாடியைப் பார்த்து, "இது தலையிலை முட்டுறமாதிரிப் பதிவாய்ப் பூட்டியிருக்கு, எழுதிப் போடவேணும்" என்றார்.

பிறகு அண்ணை கனடாவில் இருந்த மகளிடம் போனார். டைப்ரைட்டரும் போனது. பனியைப் பற்றி, பஸ்ஸைப் பற்றி, மருமகனின் குறட்டையைப் பற்றி மாதம் ஒரு பெட்டிசம், அவரின் கடைசிக் காலம் வரைக்கும், எனக்குத்தான் வந்தது. என் கந்தோரில் எத்தனையோ கடிதங்களைச் சோம்பலில் கிடப்பில் போட்டிருக்கிறேன். அண்ணையின் கடிதத்துக்கு மட்டும் வந்த அன்றே பதில் போட்டேன். ஐந்தாம் பந்தியில் ஏதாவது ஒன்றை மறுத்து எழுதவும் ஒருநாளும் மறந்ததில்லை.