கருவாடு மணத்த கிறிஸ்துமஸ்

நல்லது செய்யக் கிளம்புகிறவனுக்கு மூளை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மூக்காவது வேலை செய்ய வேண்டும். 2008 கிறிஸ்துமஸுக்கு எனக்கு இரண்டுமே லீவில் இருந்தன.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் பக்கத்தில். கிறிஸ்துமஸ் காலைப் பூசை முடிந்து வந்ததும் பீரோவிலிருந்து பாலன் இயேசு சுரூபத்தை எடுப்போம். எல்லோரும் பாதத்தில் முத்தமிட்ட பிறகு வீட்டின் மூத்த பிள்ளை அவரைக் குடிலில் கிடத்த வேண்டும். அதுவரை மாதாவும் சூசையப்பரும் வெறும் வைக்கோலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மூத்த பிள்ளை ஸ்டெல்லா அக்கா. அவள் கூட வேலை பார்த்த செந்திலைக் காதலித்து, வேறு மதம் என்று அப்பா மறுத்தும் கல்யாணம் செய்துகொண்டு சிதம்பரம் போன பிறகு, பண்டிகை அன்றும் குடிலில் வெறும் வைக்கோல்தான். "மூத்தவ இருக்கறப்ப வேற யாரும் வெக்கக் கூடாது" என்பது அம்மாவின் சட்டம். "அவளா வரட்டும்" என்பது அப்பாவின் சட்டம். "அப்பா கூப்புடட்டும், வரேன்" என்பது அக்காவின் சட்டம். (மூன்று சட்டங்களுக்கும் நடுவில் உட்கார்ந்து முறுக்கு தின்றவன் நான்.) உண்மையில் முறுக்கும் இறங்கவில்லை. தட்டிலிருந்து பிடுங்கித் தின்ன அக்கா இல்லாத பண்டிகை எனக்குப் பிடிக்கவே இல்லை.

அந்த வருடம் எனக்கு ஒரு யோசனை வந்தது. பாலனை நேரில் பார்த்தால் அக்கா மனம் இளகிவிடும், கையோடு கூட்டி வந்துவிடலாம். பண்டிகைக்கு முதல் நாள் காலை, யாருக்கும் தெரியாமல் பாலனை, அவர் வருடம் முழுக்கத் துண்டு சுற்றி இருக்கும் ஜவுளிக்கடை மஞ்சள் பையோடு தூக்கிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன்.

அக்கா பாலனைக் கையில் வாங்கி முத்தமிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பப் பையில் வைத்தாள்.

"அப்பா கூப்ட்டாரா?"

"இல்ல."

"அப்ப சாப்ட்டுட்டு கெளம்பு."

நான் கிளம்பும்போது அக்காவின் மாமியார் வந்தார். "தம்பி, சம்பந்தி வூட்டுக்கு இதுவரைக்கும் நான் ஒண்ணுமே குடுத்தனுப்புனதில்ல. நல்ல வஞ்சிரக் கருவாடு, எடுத்துட்டுப் போ" என்று ஒரு பையை என் பைக்குப் பக்கத்தில் வைத்தார். துறைமுகத்துக்காரர்களுக்குச் சிதம்பரத்திலிருந்து கருவாடு! கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். அதுவும் வீட்டில் ஏது என்று கேட்டால் என் குட்டு உடைந்துவிடும். பெரிதாகத் தலையாட்டிவிட்டு, அவர் உள்ளே போனதும் கருவாட்டை அங்கேயே விட்டுவிட்டுப் பாலனைத் தூக்கிக்கொண்டு நழுவினேன். அவர் வைத்ததும் அதே ஜவுளிக்கடையின் மஞ்சள் பைதான் என்பதை நான் கவனித்திருக்கலாம்.

பஸ்ஸில் ஒரே நாற்றம். பக்கத்து சீட்டுப் பெண்மணியை ஆலப்பாக்கம் வரை முறைத்தேன். அவர் என்னைக் கடலூர் வரை முறைத்தார். (நியாயம் அவர் பக்கம் இருந்தது.) வீட்டில் அம்மா வரும் சத்தம் கேட்கவே, பையைப் பிரித்துப் பார்க்காமல் பீரோவில் மடித்து வைத்திருந்த புதுத்துணிகளுக்கு நடுவில் செருகிவிட்டேன்.

மறுநாள் விடியற்காலை புதுப்புடவையைக் கட்டும்போதே அம்மா மூக்கைச் சுளித்தாள். "தொறமுகத்துக் காத்து இன்னைக்கி ஜாஸ்தி" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். பூசையில் நெருக்கியடித்து உட்காரும் எங்கள் பெஞ்சில் அன்று தாராளமாக இடம் கிடைத்தது. கோயிலிலிருந்து வீடுவரை ஒரு பூனை கூடவே வந்தது.

குடிலில் வைக்காவிட்டாலும் முத்தமாவது கொடுக்கலாம் என்று அப்பா பீரோவைத் திறந்தார். பைக்குள் பயபக்தியோடு கையை விட்டார். வெளியே வந்தது வஞ்சிரம்.

"பாலன் எங்கடா?"

"அக்கா வூட்டுல."

அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அப்பா என் செல்போனைப் பிடுங்கினார். நம்பரை நான்தான் போட்டுக் கொடுத்தேன்.

"பாலன் அங்க இருக்காராமே. கொண்டாந்து குடு."

அக்காவின் குரல் எங்களுக்கும் கேட்டது. "பாலனக் கூப்புடறீங்களா, என்னையாப்பா?"

அப்பா குடிலைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"அவுரு என்னா, தனியா பஸ் ஏறியா வருவாரு? தூக்கிட்டு வர ஆளு வேணாமா? மாப்ளையையும் கூட்டிட்டு வா."

(பை மாறியது அக்காவுக்கு முதல் நாள் மத்தியானமே தெரியும். போன் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.)

மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டார்கள். வரிசையாக முத்தமிட்டோம். செந்தில் மாமா எப்படி என்று தெரியாமல் பாலனின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அக்கா பாலனைக் கிடத்தினாள். அம்மா அழுதுகொண்டே, பிரியாணிக்குத் துணையாகக் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள்.

அதன்பிறகு யார் பையோடு வந்தாலும் அப்பா வாசலிலேயே கேட்பார்: "உள்ள பாலனா, கருவாடா?" மாப்பிள்ளை என்றால் இரண்டு முறை கேட்பார்.

இப்போது அப்பா இல்லை. அம்மா என்னோடு சென்னையில் இருக்கிறாள். அக்கா குடும்பம் ஆஸ்திரேலியாவில். பாலன் என் பீரோவில். டிசம்பர் வந்தால் அக்கா, "லீவு கெடைக்கலடா, நீயே வெச்சிடு" என்பாள். நான் வைப்பதில்லை. அம்மாவின் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு வீடியோ காலில் காலிக் குடிலைக் காட்டினேன். அக்கா, "பேசாம இங்க அனுப்பி வுடேன், நானே வெக்கறேன்" என்று சிரிக்கப் பார்த்தாள்.

எனக்குப் பின்னாலிருந்து அம்மா அப்பாவைப் போலவே தொண்டையைச் செருமினாள்.

"அவுரு என்னா, தனியா பிளைட் ஏறியா வருவாரு? தூக்கிட்டுப் போக ஆளு வேணாமா? நீ வாடி."

சிரித்தோம். அக்காதான் முதலில் போனை வேறு பக்கம் திருப்பினாள்.