மரத்தடிச் சேனை

"இலை பூராவும் மஞ்சளாயிடுச்சே, மல்லம்மா!"

முரளிதரன் அலறினான். ராமாபுரத்துச் சமுதாயக் காட்டில், மர நிழலிலேயே சேனைக்கிழங்கு விளைவித்துக் காட்டுகிறேன் என்று மைசூர் அறக்கட்டளையில் மார்தட்டிவிட்டு வந்தவன் அவன். ஏற்கெனவே அவனுடைய காளான் அழுகிப்போயிற்று, தேனீக்கள் ஓடிப்போயின. இதுவும் போனால் வேலை போய்விடும்.

மகளிர் குழுத் தலைவி மல்லம்மா வாயைத் திறந்தாள். "சார், சேனைன்னாலே..."

"சும்மா இருங்க. தண்ணி பத்தலை."

மூன்று நாள் தண்ணீர் விட்டான். தண்டு சாய்ந்தது. வெயில் பத்தவில்லை என்று மரக்கிளையை வெட்டப் போனான். வனக்காவலர் அரிவாளைப் பிடுங்கிக்கொண்டு போனதுதான் மிச்சம். மறுவாரம் அத்தனை செடியும் சருகாகிவிட்டது.

"சார், நான் சொல்றதக் கொஞ்சம்..."

"ஐயோ, விடுங்க! கிழங்குங்கற பேச்சையே எங்கிட்ட எடுக்காதீங்க. ஊர்லயும் மூச்சு விடக்கூடாது!"

"சரிங்க. நாங்களே பாத்துக்கறோமுங்க."

பத்து நாள் அறையிலேயே முடங்கிக் கிடந்தான். திங்கட்கிழமை பார்வையிட வருவதாக மேலதிகாரி உமாதேவியிடமிருந்து போன் வந்தது. விழுந்தடித்துக் காட்டுக்கு ஓடினால், பாத்தியெல்லாம் மண் கிளறிக் கிடந்தது.

"பாவி பன்னிங்களா! மிச்சம் மீதியையும் தின்னுட்டீங்களா!"

உள்ளூர்ச் சந்தையில் வாங்கினால் குட்டு உடைந்துவிடும். பஸ் ஏறி மைசூர் மார்க்கெட்டுக்கே போனான். ஒரு கடையில் நாலரைக் கிழங்குதான் மிஞ்சியிருந்தது. சாக்கோடு வாங்கி வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆளில்லாத நேரம் பார்த்துப் புதைத்துவிட்டான்.

மறுநாள் உமாதேவி ஓர் இடத்தைக் காட்டி, "இங்க தோண்டுங்க" என்றார். எத்தனையோ இடமிருக்க, அந்த அரைக் கிழங்கா வந்து தொலைய வேண்டும்! கத்தி வெட்டு பளிச்சென்று தெரிந்தது.

"என்ன முரளிதரன், நிழல்ல பாதிதான் விளையுமா?"

தொலைந்தது வேலை. முரளிதரன் மரத்தடியில் கிடந்த காலிச் சாக்கின்மேல் பொத்தென்று உட்கார்ந்தான். தண்ணீர்ச் செம்போடு வந்த மல்லம்மா குனிந்து அந்தச் சாக்கைப் பார்த்தாள்.

"அட, நான் பச்சை நூல்ல தைச்ச சாக்கு! இலை காஞ்சு கிழங்கு முத்திப்போச்சுன்னு போன வாரம் எல்லாத்தையும் தோண்டி, லாரி நெறய மைசூருக்கு ஏத்துனமே... இதை யாருங்க சார் திரும்பக் கொண்டாந்தது?"