அப்பா ‘ஏதோ டிரைவர்’ இல்லை

‘ஏதோ’ என்ற ஒரே ஒரு சொல்லுக்காக நான் வீட்டில் போர்க்கொடி தூக்கினேன்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தம்பி மகள் கேட்டிருந்தாள்: “நம்ம தாத்தா என்ன வேலை பார்த்தார்?” அதற்கு என் தம்பி, அவர் பெற்ற பிள்ளை, பதில் போட்டிருந்தான்: “ஏதோ டிரைவர்.”

ஏதோவா? வெள்ளத்தில் முங்கிக்கொண்டிருந்த பாலத்தருகே லாரியை நிறுத்தி, பம்பரில் கயிற்றைக் கட்டி, மறுநுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு நீந்திப் போய், பள்ளிக்கூடக் கூரைமேல் தவித்தவர்களை ஒவ்வொருவராகக் கரை சேர்த்த மனிதர், ஏதோ டிரைவரா? எனக்கு ரத்தம் கொதித்தது. உடனே குழுவில் அறிவித்தேன்: “ஞாயிறு மாலை வீடியோவில் நம் குடும்ப வரலாறு. பேசுபவர் நான். கேட்பவர் மற்ற அனைவரும்.”

“வரலாறா?” என்றாள் மனைவி, துணி மடித்தபடி. “வரலாறுன்னுதான் ஆரம்பிப்பீங்க. கடைசியில வர்றது லாரிதான்.”

“கிண்டல் வேண்டாம். பிள்ளைங்களுக்கு வேர் தெரியணும்.”

“தெரியட்டும். மாமா செஞ்சதை அப்படியே சொல்லுங்க, போதும். போன கல்யாணத்துல சொன்ன மாதிரி நீங்களும் கூட நீந்தினதா அளக்காதீங்க.”

“ஏன், சொன்னா என்ன?”

“அந்த வெள்ளத்தப்போ நீங்க பொறக்கவே இல்ல.”

“கண்ணால பார்த்த ஒருத்தன் இருந்தாத்தான் கதையில உசுரு இருக்கும்!”

“பொறக்காத உசுரா?”

“என் அப்பா, என் வெள்ளம், என் இஷ்டம்!” என்று முழங்கினேன். அவள் ஒரு சட்டையை உதறினாள்.

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன். நான் வாயைத் திறந்தால் ஒரு கூட்டமே மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும். அப்படிப்பட்ட குரலை வீட்டில் ஒருத்தி அடக்குவதா?

ஞாயிறு வந்தது. புதுச் சட்டை போட்டேன். முழு உருவமும் தெரிய வேண்டும் என்று போனைத் தூரத்து அலமாரியில் நிறுத்தச் சொன்னேன். கண்ணாடி போட்டால் வயதாகத் தெரியும் என்று கழற்றி வைத்தேன். சின்னச் சின்னக் கட்டங்களில் தம்பி, அவன் மகள், அக்கா பிள்ளைகள் என்று மங்கலாகப் பல முகங்கள்.

“நான் பேசும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது. சத்தத்தை அடைச்சிடு” என்றேன் மனைவியிடம்.

“யார் சத்தத்தை?”

“கேள்வி ஒரு கேடா? எல்லாத்தையும் அடை!”

அவள் ஏதோ இரண்டு பொத்தானைத் தட்டினாள். “எனக்குத் தலைவலி, படுக்கிறேன்” என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தோல்வியின் வலி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆரம்பித்தேன் பாருங்கள்! ஸ்டியரிங்கை வளைத்தேன். கயிற்றை வீசினேன். பிள்ளைகள் அசையாமல் பார்த்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்தாள். எனக்கு வேகம் பிடித்துவிட்டது. நானும் வெள்ளத்தில் குதித்தேன். இரண்டு கையாலும் துழாவினேன், மூக்கைப் பிடித்து முங்கினேன், மூச்சுத் திணறி எழுந்து, வாயைப் பிளந்து, “காப்பாத்துங்க!” என்று அலறினேன்.

அத்தனை கட்டங்களும் குலுங்கின. தம்பி நாற்காலியிலிருந்து சரிந்தான். அக்கா மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். உயிர் போகும் கட்டத்தில் என்ன சிரிப்பு? பதற்றத்தில் சிலருக்குச் சிரிப்பு வரும் என்பார்கள். விடாமல் இன்னும் இரண்டு முறை முங்கினேன்.

முடித்ததும், “யாருக்காவது சந்தேகம் இருக்கா?” என்றேன். வாய்கள் அசைந்தன. எதுவும் கேட்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். தன் போனும் கையுமாக வெளியே வந்தாள். தலைவலி போன முகம். பொத்தான்களைத் தட்டினாள்.

“பெரியப்பா!” தம்பி மகளின் குரல் வந்தது. “தாத்தா எவ்வளவு பெரிய ஆளு! அழுதுட்டோம். இனிமே யாராவது ஏதோ டிரைவர்னு சொல்லட்டும், இருக்கு!”

நெஞ்சு விம்மியது. “பார்த்தியா?” என்றேன் மனைவியிடம்.

“ஆனா பெரியம்மா அதை அஞ்சே நிமிஷத்துல முடிச்சிட்டாங்க.”

“பெரியம்மாவா?”

“நீங்கதான் மியூட்ல இருந்தீங்களே! அவங்க உள்ளேயிருந்து பேசினாங்க.”

திரும்பினேன். “எல்லாத்தையும் அடைன்னு நீங்கதானே சொன்னீங்க?” என்றாள் பணிவாக.

“அப்போ மீதி நேரம் முழுக்க எதைக் கேட்டீங்க?”

“கல்யாணமான புதுசுல மொட்டை மாடித் தொட்டியைக் கழுவ இறங்கி, இடுப்பளவு தண்ணியில முழுகுறேன்னு ஊரைக் கூட்டினீங்களாமே, அதைத்தான்! அவங்க சொல்லச் சொல்ல நீங்க அப்படியே நடிச்சுக் காட்டினீங்க பாருங்க, அதுதான் பெரியப்பா பிரமாதம்!”